குழி வாயில் நின்ற கறுப்புப் பந்து

சித்திரை பிறந்ததும் அரசாங்கம் கடலைப் பூட்டிவிடும். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை இரண்டு மாதம் கட்டிப் போடுவார்கள். தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிறதா என்று நான் போய்ப் பார்த்ததில்லை. கரையில் எங்களுக்குச் சண்டை பொரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் போட்டில் என்ஜின் டிரைவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் சரி. தங்கச்சி புருஷன் அதே போட்டில் வலை இழுக்கிற ஆள். என்னைவிட இளையவன். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். கடலில் இருக்கும் வரை அவனைப் போல வேலைக்காரன் கிடையாது. கரை ஏறினால் குடி. பொழுது சாய்ந்த பிறகுதான் தாகம் எடுக்கும். காரைக்காலில் அந்தத் தாகத்துக்குத் தூரம் நடக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரன் பஸ் பிடித்து வந்து குடிக்கிற ஊர் இது.

அந்த வருஷம் தடைக்காலம் தொடங்கிய அன்று தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, இந்தத் தடவை அவரு ஒரு வாட்டி குடிச்சிட்டு வந்தாலும் சரி, புள்ளைவள இழுத்துக்கிட்டு இங்க வந்துடுவேன். சொல்லிட்டேன்."

என் வீடு ஒரு அறை, ஒரு கூடம். கூடத்தில் ஏற்கெனவே பாதி வலை. என் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆகவே மாப்பிள்ளையை பூல் ஹாலுக்குக் கூட்டிப் போனேன்.

ஹால் டவுனில், டயர் கடைக்கு மேலே, மாடியில். தகரக் கூரை. ஒரே ஒரு டேபிள். ஹால்காரரும் எங்கள் மீனவ ஊர் பட்டினச்சேரிதான். போட்டில் இருந்த பங்கை விற்று டேபிள் வாங்கினார். கடலைவிட இது நிச்சயம் என்றார். கடலில் மீன் இல்லாத நாளும் உண்டு. இந்த மாடியில் ஆள் இருந்த நாள் குறைவு. தடைக்காலத்தில் மட்டும் எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து நிரப்புவார்கள்.

மாப்பிள்ளை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். ஆளுக்கு ஏழு பந்து. ஒருவனுக்கு முழு நிறம், மற்றவனுக்குக் கோடு போட்டது. தன் ஏழையும் குழியில் போட்டவன் கடைசியாகக் கறுப்பைப் போட்டால் ஜெயம். அவ்வளவுதான் ஆட்டம். ஆறிலிருந்து ஒன்பது வரை ஸ்டிக்கைக் கீழே வைக்க மாட்டான். ஒன்பதுக்குப் பசி வரும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பான். தங்கச்சி அவள் வீட்டிலேயே இருந்தாள். என் கூடம் தப்பித்தது.

அங்கே டவுன் கோஷ்டி ஒன்று உண்டு. அதற்குத் தலை ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து வந்தவர். எழுபது வயசுக்கு மேல். வெயிலிலும் முழுக்கை சட்டை, பொத்தான் எல்லாம் போட்டிருக்கும். ஹால்காரர் அவரை முசியே என்பார். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களைப் பார்த்ததும் ஜன்னலைத் திறப்பார். மீன் வாடையாம். தடைக்காலத்தில் என்ன மீன், என்ன வாடை. இருந்தாலும் திறப்பார்.

அவருக்கு ஆட்டம் சுமார். சட்டம் அபாரம். பந்து எங்கே எப்படி ஏடாகூடமாகப் போய் நின்றாலும் அதற்கு ஒரு சட்டம் வைத்திருப்பார்.

ஒரு நாள் மாப்பிள்ளை ஓங்கி அடித்ததில் ஒரு பந்து எகிறி ஓரத்து மரச்சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அது வெளிய போன பந்து. தப்பாட்டம்" என்றார் முசியே.

"எங்க வெளிய போச்சு? டேபிள் மேலதானே குந்தியிருக்கு."

"சட்டம் மேல இருந்தா சட்டப்படி வெளிய."

இன்னொரு நாள் ஒரு பந்து படிக்கட்டு வழியாக உருண்டு டயர் கடைக்குள் போய்விட்டது. கடைக்காரர் மேலே வந்து கையில் கொடுத்தார். அதற்கும் சட்டம் இருந்தது. கடைக்காரர் முறையாக நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இரண்டு பந்து ஒட்டி நின்றால் அடிக்கும் முன்பே ஒட்டியிருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டுமாம். யாரும் சொல்லாவிட்டால் ஒட்டவில்லை என்று அர்த்தமாம். கண்ணெதிரே ஒட்டியிருக்கிறது. சொல்லாததால் ஒட்டவில்லை. கோர்ட்டில் எப்படி நடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு கோஷ்டி, ஒரு டேபிள். எல்லாருக்கும் சாயங்காலம்தான் வேண்டும். மத்தியானம் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் ஆள் வெந்துபோவான். சத்தம் கூடிப் போகவே ஹால்காரர் ஒரு யோசனை சொன்னார். ஒரு கோஷ்டிக்கு ஒரு ஆள். ஒரே ஆட்டம். ஜெயித்த கோஷ்டிக்குத் தடைக்காலம் முடியும் வரை சாயங்காலம். தோற்ற கோஷ்டிக்கு மத்தியானம்.

டவுனுக்கு முசியே. எங்களுக்கு மாப்பிள்ளை.

மற்றவர்களுக்கு அது டேபிள் சண்டை. எனக்கு அப்படி இல்லை. சாயங்காலம் போனால் மாப்பிள்ளை எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி எங்கே வருவாள் என்றும் தெரியும்.

அன்றைக்கு மாப்பிள்ளை நன்றாகத்தான் ஆடினான். ஏழையும் போட்டுவிட்டான். கறுப்பு மட்டும் பாக்கி. முசியேவுக்கு இன்னும் ஒரு கோடு பந்தும் கறுப்பும் இருந்தன. மாப்பிள்ளை குனிந்து கறுப்பை மூலைக் குழிக்கு விட்டான். மெதுவாக விட்டான். போயிற்று, போயிற்று, குழி வாய் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. கீழே எட்டிப் பார்க்கிறவன் மாதிரி.

எல்லாரும் டேபிள் மேல் குனிந்தோம். முசியே மட்டும் எண்ண ஆரம்பித்தார்.

"அன், தூ, துருவா, கத்ர், சேங்க்."

எண்ணி முடித்து ஸ்டிக் நுனிக்குச் சாக்பீஸ் தடவினார். "என் முறை" என்றார்.

பந்து விழுந்தது.

எங்கள் பையன்கள் போட்ட சத்தத்தில் டயர் கடைக்காரர் மறுபடி மேலே வந்தார்.

முசியே அசையவில்லை. "அஞ்சு வினாடி சும்மா நின்னா அது நின்ன பந்துதான். அப்புறம் தானா வுழுந்தா கணக்குல வராது. எடுத்து இருந்த இடத்துல வெக்கணும். நான் ஆடணும்."

"அஞ்சு வினாடி எங்க ஆச்சு?" என்றான் மாப்பிள்ளை. "நான் மூணுதான் எண்ணுனேன்."

"நான் அஞ்சு எண்ணுனேன்."

"நீங்க பிரெஞ்சுல எண்ணுனீங்க. அது வெரசா ஓடுது."

ஹால்காரரைக் கேட்டார்கள். அவர் அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தாராம். சண்டை வரும் என்று தெரிந்தவுடன் ஃப்ரிட்ஜ் திறக்கிற ஆள் அவர்.

இந்த இடத்தில் டவுன்காரன் என்றால் என்ன செய்வான்? காசு சுண்டிப் போடுவான். இல்லை, இன்னொரு ஆட்டம் ஆடுவான். நாங்கள் பட்டினச்சேரிக்காரர்கள். கடலில் இரண்டு போட்டு வலை சிக்கிக்கொண்டாலும் சரி, கரையில் இரண்டு ஆடு சிக்கிக்கொண்டாலும் சரி, ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போவோம். எங்களில் யாரோ ஒருவன் பஞ்சாயத்து என்று சொன்னான். அது தப்பாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முசியேவும் ஒத்துக்கொண்டார். "சட்டம் என் பக்கம். எங்க வேணும்னாலும் வாரேன்" என்றார். பாவம், பிரான்ஸில் இருந்த மனுஷன். பஞ்சாயத்து என்றால் ஒரு நாளில் முடியும் என்று நினைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கு பேசி முடியும் வரை வழக்கில் உள்ள பொருளை யாரும் தொடக் கூடாது. வலை சிக்கினால் சிக்கினபடியே மணலில் கிடக்கும். டேபிளும் அப்படியே கிடக்கட்டும் என்று பஞ்சாயத்தார் சொல்லியனுப்பினார்கள். இரண்டு பேர் மாடி ஏறி, இருந்த பந்து இருந்தபடி ஒரு பழைய வலையை டேபிள் மேல் விரித்து நாலு காலிலும் கட்டிவிட்டார்கள். கறுப்புப் பந்தைத் துண்டில் முடிந்து கொண்டுபோய்க் கோயில் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

"இருக்கறது ஒரு டேபிளு" என்றார் ஹால்காரர். "அதையும் வலை போட்டுப் புடிச்சிட்டுப் போனா நான் என்னாங்க பண்ணுவேன்?"

"ஊரு சொன்னா கேளு" என்றார்கள்.

ஆக, யாருக்குச் சாயங்காலம் என்று சண்டை போட்டோம். யாருக்கும் சாயங்காலம் இல்லை என்று ஆக்கிவிட்டோம். இந்த மாதிரி காரியத்தில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். எப்படியாவது பிடித்து வைக்க வேண்டும். அவன் வெளுத்த சட்டை போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?"

"என்னா மச்சான் இப்புடிக் கேக்குறீங்க? பஞ்சாயத்து இருக்குல்ல."

பஞ்சாயத்து கோயில் கொட்டகையில் கூடியது. பெரியவர்கள் நாலு பேர். நாலு பேரில் ஒருவர்கூட பூல் டேபிளைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"பந்து குழிக்கு உள்ளயா, வெளியயா?" என்றார் தலைவர்.

"பாதி உள்ள, பாதி வெளிய, பெரியப்பா" என்றான் மாப்பிள்ளை.

"அப்ப தரை தட்டுன போட்டு மாதிரி."

"குழி யாரு குழி?" என்றார் இரண்டாமவர்.

"பொதுக் குழிங்க" என்றார் முசியே.

"பொதுவுல இருக்கற குழிக்கு ஏன் சண்டை? முறை வெச்சுக்க வேண்டியதுதானே."

மூன்றாமவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதை ஏன் கம்பை வெச்சு இடிக்கிறீங்க? கையால தள்ளிவுட்டா வுழுந்துட்டுப் போவுது" என்றார். நாலாமவர் தூங்கிவிட்டார். நாலு பேரில் வழக்கை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

முசியே செல்போனை எடுத்துச் சட்டத்தைப் படித்தார். பிரெஞ்சில் இருந்தது. யாருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. முழுசாகக் கேட்டார்கள். புரியாததால் மரியாதை கூடியது. பிறகு தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். மரியாதை குறைந்துவிட்டது.

"அஞ்சு வினாடின்னு யாரு பாத்தது?" என்றார் தலைவர்.

"நான்தான் எண்ணுனேன்."

"ஆடுற ஆளும் நீங்களே, கடியாரமும் நீங்களேவா?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளைக்குத்தான் அதிகம். அவன் குடிக்காமல் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சாயங்காலம் இரண்டு பேரையும் எண்ணிக் காட்டச் சொன்னார்கள். முசியே வீட்டில் பழகிக்கொண்டு வந்திருந்தார். "அன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் "தூ" வந்தது. சேங்க் வருவதற்குள் ஒருவர் வெற்றிலை போட்டு முடித்துவிட்டார். மாப்பிள்ளை பதிலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்த இழுப்பில் கோயில் மணி அடித்துவிட்டது. இரண்டும் செல்லாது என்று தலைவர் எழுந்துவிட்டார்.

இப்படியே போயிற்று. சாயங்காலம் ஆனால் மாப்பிள்ளை கொட்டகையில் இருப்பான். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் வழக்கைச் சொல்வான். அவர் இப்படிக் கேட்டார், நான் இப்படி மடக்கினேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்பாளாம். மறுநாள் என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துக் கொடுப்பாளாம். பெண்களைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். அதனால் அவள் புத்தி மட்டும் மாப்பிள்ளையோடு வந்து போய்க்கொண்டிருந்தது. சாராயத்தை நினைக்க அவனுக்கு நேரம் இல்லை.

ஒரு வழியாகத் தீர்ப்பு வந்தது. தலைவர் சொன்னார்:

"கை அடிச்சது நின்னு போச்சு. அப்புறமா வுழுந்தது தானா வுழுந்தது. தானா துள்ளி வந்து வுழுற மீனு யாரு வலையிலயும் சேராது. அதனால பந்தை எடுத்து இருந்த எடத்துல வையி. முசியே ஆடட்டும்."

முசியே சொன்ன அதே சட்டம். இத்தனை நாள் சுற்றி அங்கேயே வந்து நின்றது. ஆனால் பிரெஞ்சில் இருந்தபோது அது சட்டமில்லை. மீனாக மாறின பிறகு சட்டமாகிவிட்டது.

நாலு பெரியவர்களும் மாடி ஏறி வந்தார்கள். வலையை அவிழ்த்தார்கள். துண்டை அவிழ்த்தார்கள். பந்தின் மேல் குங்குமம் இருந்தது. கோயில் அறையில் இருந்ததென்று யாரோ பொட்டு வைத்திருக்கிறார்கள். முசியே அதைத் துடைக்க வேண்டும் என்றார். துடைக்கக் கூடாது என்றார் இரண்டாமவர். கடைசியில் ஹால்காரரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்தார். யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று தெரியவில்லை.

முசியே பந்தைக் குழி வாயில் வைத்துக் கையை எடுத்தார். விழுந்தது.

மறுபடி வைத்தார். விழுந்தது.

ஹால்காரர் வைத்தார். விழுந்தது. தலைவர் எழுந்து வந்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வைத்தார். அவருக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து விழுந்தது.

அந்தக் குழி ஓரத்தில் துணி தேய்ந்து வழவழவென்று இருக்கும். தானாக வந்தபோது நின்ற பந்து, வைத்தால் நிற்க மாட்டேன் என்றது.

"ஒரு நூலளவு இந்தப் பக்கம் வெச்சுக்கலாமே" என்றார் முசியே.

"இருந்த எடத்துலதான் வெக்கணும். நீங்க சொன்ன சட்டந்தானே" என்றான் மாப்பிள்ளை.

தலைவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "நிக்கிற வரைக்கும் வெச்சுப் பாருங்க. நின்னா முசியே ஆடட்டும். நிக்காதவரைக்கும் வலையைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஹால்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் டேபிளின் அந்த மூலையில் நின்றார்கள். ஆளுக்கொரு முறை வைப்பார்கள். விழும். அடுத்தவர் எடுப்பார். முதல் நாட்களில் பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு நான் மட்டும் இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. அவனைப் பார்ப்பதுதான் வேலை.

முசியேவுக்குக் கை நடுக்கம். தினம் பொழுது சாய்ந்தால் ஒரு கிளாஸ் ஒயின் சாப்பிடுகிறவர் என்று டவுனில் சொல்வார்கள். ஒரு நாள் அவரே, "வழக்கு முடியற வரைக்கும் அதை நிறுத்தியிருக்கேன். கை நிக்கணும்" என்றார்.

"நானுந்தான் நிறுத்தியிருக்கேன்" என்றான் மாப்பிள்ளை.

அவன் வாயால் அதைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எதிரியிடம் சொன்னான். என்னிடமோ தங்கச்சியிடமோ சொல்லவில்லை.

தடைக்காலம் முடிய ஒரே நாள் இருந்தது. நான் என்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு நேராக ஹாலுக்கு வந்தேன். மாப்பிள்ளையின் முறை. மூன்று விரலால் பந்தைப் பிடித்திருந்தான். குழி வாயில் வைத்தான். ஒரு விரலை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். கடைசி விரலை எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. கை மேலே இருந்தது. பந்து கீழே இருந்தது.

நின்றது.

முசியே வாயைத் திறந்தார். எண்ணவில்லை. மூடிக்கொண்டார்.

அது நின்றால் தோற்கப் போவது அவன்தான். விழ விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் என்னைப் பார்த்து, "நிக்குதா பாத்தீங்களா மச்சான்?" என்றான். வலையில் பெரிய மீன் ஏறினால் இருக்கும் முகம்.

"நிக்குது" என்றேன்.

முசியே ஸ்டிக்கை எடுத்தார். கோடு பந்தை நடுக் குழியில் போட்டார். பிறகு வெள்ளையை மெல்ல விட்டார். அது போய்க் கறுப்பைத் தொட்டது. தொட்டால் போதும் அதற்கு. விழுந்தது. எழுபது வயசு மனுஷன் எங்கள் கோஷ்டியிடமிருந்து சாயங்காலத்தைச் சட்டப்படி ஜெயித்துவிட்டார். விடிந்தால் எங்கள் கோஷ்டி முழுக்கக் கடலில். அவருக்கு அது நினைவு வந்ததோ என்னவோ, ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே சாயங்காலம் யாரோட ஆடுறது?" என்று ஹால்காரரைக் கேட்டார். ஹால்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கினோம். தெருமுனையில் சாராயக் கடை. விளக்குப் போட்டு, வாசலில் ஆள் நிறைந்து நின்றது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்த்தான். நான் வண்டிச் சாவியைத் தேடுவது போல நின்றேன்.

"என்னா தேடுறீங்க? சாவி வண்டியிலதான் இருக்கு" என்றான். "வாங்க. விடியறதுக்குள்ள ஐஸ் ஏத்தணும். டீசல் வேற போடல."

பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஊர் வரும் வரை அந்தப் பந்தை எப்படி நிற்க வைத்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்கச்சி வாசலில் நின்றாள். "யாரு ஜெயிச்சா?"

"முசியே" என்றேன்.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கிட்டே போய் மோந்தும் பார்த்தாள். அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. பிறகு சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போய்விட்டாள்.

போட்டு போன பிறகு பஞ்சாயத்தார் டீக்கடையில் உட்கார்ந்து, தடைக்காலத்தில் ஒருவனைக் குடியிலிருந்து காப்பாற்றியது தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டார்களாம். நான் மறுக்கவில்லை. அவர்கள் சீக்கிரம் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவன் கெட்டிருப்பான்.

தடைக்காலம் வருஷா வருஷம் வரும். அடுத்த சித்திரைக்குள் எனக்கு ஒரு வழக்கு வேண்டும். பந்து வழக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் தீரக் கூடாது.